முறையீட்டின் எல்லை: ஜெர்மானியத் தளபதி யோகான்னஸ் பிளாஸ்கோவிட்ஸின் படைவாழ்வும் போலந்து முறையீட்டறிக்கைகளும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டு உலகப்போர்களிலும் ஜெர்மானியப் படையில் பணியாற்றியவர் கர்னல் ஜெனரல் யோகான்னஸ் பிளாஸ்கோவிட்ஸ் (1883–1948). போலந்தில் எஸ்.எஸ். படையும் காவல் படைகளும் நிகழ்த்திய கொலைகளைக் கண்டித்து, 1939 நவம்பர் முதல் 1940 பிப்ரவரி வரை அவர் மேலிடத்திற்கு எழுத்து வடிவில் முறையிட்டார். அதன்பின்னும் ஐந்தாண்டுகளுக்கு மேலாக அதே அரசின்கீழ்ப் பணியில் நீடித்தார். இவ்விரு நிலைகளையும் இணைத்துப் பார்க்கும் இக்கட்டுரை, அவருடைய முறையீடு எந்த நிறுவனச் சூழலில் எழுந்தது, எவ்வகை வாதங்களை முன்வைத்தது, எங்கே நின்றுவிட்டது என்பவற்றை ஆராய்கிறது. அம்முறையீட்டறிக்கைகளின் வரலாற்று மதிப்பு, அவற்றை எழுதியவரின் நற்பண்பை நிறுவுவதைக் காட்டிலும், போரின் முதற் குளிர்காலத்திலேயே படைத்தலைமை அனைத்தையும் அறிந்திருந்தது என்பதை நிறுவுவதில் உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பிளாஸ்கோவிட்ஸ், வேர்மாக்ட், எஸ்.எஸ்., போலந்து 1939, முறையீடு, கீழ்ப்படிதல், நியூரம்பெர்க்.

முன்னுரை

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மானியப் படையதிகாரிகள் எழுதிய தன்வரலாறுகள் ஒரு பொதுக் கருத்தைப் பரப்பின. போரைப் படை நடத்தியது, கொலைகளை எஸ்.எஸ். நடத்தியது, படையினர் அவற்றை அறியார், அறிந்தவர் வெறுத்தனர் என்பதே அக்கருத்து. அதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட பெயர்களுள் ஒன்று பிளாஸ்கோவிட்ஸ். பின்வந்த ஆய்வுகளும், 1995 முதல் ஜெர்மானிய, ஆஸ்திரிய நகரங்களில் நடைபெற்ற வேர்மாக்ட் குற்றங்கள் பற்றிய கண்காட்சியும் இக்கருத்தைத் தகர்த்தன. அதன்பின் பிளாஸ்கோவிட்ஸை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தது. அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதிய ரிச்சர்டு கிசியோவ்ஸ்கி, தம் நூலின் தலைப்பிலேயே அவரைப் ‘புதிர்’ என்று குறித்தார்.

அவரைப் புதிராகக் காண்பது, முறையிட்டவரும் கீழ்ப்படிந்தவரும் இருவேறு மனிதர் என்று கொள்வதால் விளைவது. இருவரையும் ஒரே பயிற்சியும் ஒரே நிறுவனமும் உருவாக்கின என்று கொண்டால் புதிர் பெருமளவு விலகும். இக்கட்டுரை அவ்வழியில் செல்கிறது.

1. பிறப்பும் பயிற்சியும்

பிளாஸ்கோவிட்ஸ் 1883ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று கிழக்குப் பிரஷியாவின் பாட்டெர்ஸ்வால்ட என்னும் சிற்றூரில் புராட்டஸ்டன்டு போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவ்வூர் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் உள்ளது. சிறுவயதிலேயே கோஸ்லின் படைப்பள்ளியிலும், பின்னர்ப் பெர்லினை அடுத்த லிக்டெர்ஃபெல்ட தலைமைப் படைப்பள்ளியிலும் பயின்றார். 1901இல் கிழக்குப் பிரஷியக் காலாட்படைப் பிரிவொன்றில் சேர்ந்தார்.

பிரஷியப் பெருநிலக்கிழார் குடும்பங்களின் பிள்ளைகள் படையதிகாரிகளாவது மரபு. நிலவுடைமைப் பின்னணியற்ற போதகரின் மகனுக்கோ படைப்பணிதான் வாழ்வும் தகுதியும். இறைப்பற்றும் படை ஒழுங்கும் ஒன்றையொன்று தாங்கி நின்ற சூழலில் அவர் வளர்ந்தார். மேலதிகாரியின் ஆணைக்குப் பணிவதும், தவறு கண்டால் உரிய வழியில் மேலிடத்துக்கு அறிவிப்பதும் அப்பயிற்சியின் இரு கூறுகள்.

2. முதல் உலகப்போரும் நூறாயிரவர் படையும்

முதல் உலகப்போரில் அவர் களப்பணியிலும் தலைமைப்பணியக அதிகாரியாகவும் செயலாற்றி, இரும்புச் சிலுவை விருது பெற்றார். 1919ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மானியப் படையை 1,00,000 பேராகவும் அதிகாரிகளை 4,000 பேராகவும் சுருக்கியது. அந்த 4,000 பேருள் பிளாஸ்கோவிட்ஸும் ஒருவர். கடுமையான தேர்வுக்குப் பின் எஞ்சிய இவ்வதிகாரிகள், கட்சி அரசியலுக்கு அப்பாற்பட்டவர்களாகத் தம்மைக் கருதிக்கொண்டனர். எனினும் உடன்படிக்கையை முறியடிப்பது, போலந்திடம் இழந்த நிலத்தை மீட்பது, படையைப் பெருக்குவது ஆகிய குறிக்கோள்களில் அவர்களிடையே வேறுபாடு இல்லை.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இக்குறிக்கோள்கள் ஒவ்வொன்றாக நிறைவேறின. 1934 ஆகஸ்டு 2 அன்று படையினர் அனைவரும் ஹிட்லரின் பெயரைச் சொல்லி நேரடி உறுதிமொழி எடுத்தனர். பிளாஸ்கோவிட்ஸ் 1936இல் காலாட்படை ஜெனரலானார்; 1938இல் டிரெஸ்டன் நகரிலிருந்த படைத்தொகுதித் தலைமையை ஏற்றார். 1939 மார்ச்சில் பொகீமியாவை ஆக்கிரமித்த படைகளுள் அவர் தலைமையிலான படையும் ஒன்று.

1945 நவம்பரில் நியூரம்பெர்க்கில் அவர் அளித்த உறுதிமொழி வாக்குமூலம் இங்குக் கருதத்தக்கது. போலந்துச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே பரவியிருந்ததையும், ஹிட்லர் ஈட்டித்தந்த விளைவுகள் அவர்கள் விரும்பியவையே என்பதையும் அவர் அதில் ஒப்புக்கொண்டார். எனவே அவர் அரசின் எதிரியாகப் போலந்துக்குள் நுழையவில்லை. அதன் குறிக்கோள்களை ஏற்ற தளபதியாகவே நுழைந்தார்.

3. போலந்துப் படையெடுப்பு

1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய படையெடுப்பில் அவர் எட்டாம் படையை நடத்தினார். பிசுரா ஆற்றங்கரையில் ஜெனரல் டடேயுஸ் குட்செபாவின் போலந்துப் படைகள் எட்டாம் படையின் பக்கவாட்டைத் தாக்கியபோது, அவருடைய படை தொடக்கத்தில் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. பின்னர் வார்சா முற்றுகையிடப்பட்டு, வான்தாக்குதலாலும் பீரங்கித் தாக்குதலாலும் சிதைந்தது. செப்டம்பர் 28 அன்று நகரின் சரணடைவை குட்செபாவிடமிருந்து பிளாஸ்கோவிட்ஸ் ஏற்றார். அக்டோபர் 1இல் கர்னல் ஜெனரலானார்.

இப்படையெடுப்பின்போதே குடிமக்கள் கொலைகள் தொடங்கிவிட்டன. எட்டாம் படையின் பகுதியிலிருந்த ஸ்வோசெவ் என்னும் சிறுநகரில் செப்டம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டனர். அங்கே செயல்பட்டவற்றுள் எஸ்.எஸ். பிரிவும் இருந்தது, படையின் காலாட்படைப் பிரிவும் இருந்தது. கொலைகள் எஸ்.எஸ். அமைப்புக்கு மட்டுமே உரியவை என்ற பிரிப்பு, பிளாஸ்கோவிட்ஸின் சொந்தக் கட்டளைப் பகுதியிலேயே பொருந்தவில்லை.

படையெடுப்பு முடிந்ததும் இரண்டு ஆணைகள் நிலைமையை மாற்றின. அக்டோபர் 4இல் ஹிட்லர் பிறப்பித்த ஆணை, போலந்தில் ஜெர்மானியர் ‘மனக்கசப்பால்’ இழைத்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. அக்டோபர் 17இன் ஆணை, எஸ்.எஸ். மற்றும் காவல் படைகளைப் படை நீதிமன்றங்களின் அதிகாரத்திலிருந்து விலக்கி, அவற்றுக்கெனத் தனி நீதிமுறையை ஏற்படுத்தியது. அதுவரை ஒரு தளபதி, தம் பகுதியில் கொலை செய்த எஸ்.எஸ். வீரரைப் படை நீதிமன்றத்தில் நிறுத்த முடிந்தது. சிலர் அவ்வாறு நிறுத்தப்பட்டும் இருந்தனர். இனி அவ்வழி இல்லை. அக்டோபர் 26இல் ஹான்ஸ் ஃபிராங்க் தலைமையில் குடிசார் ஆட்சி அமைந்தது. அதே காலத்தில் கிழக்குப் பகுதியின் தலைமைத் தளபதியாக அமர்த்தப்பட்ட பிளாஸ்கோவிட்ஸிடம் படைகள் இருந்தன. குற்றவாளிகளைத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. எஞ்சியிருந்த கருவி எழுத்து மட்டுமே.

4. முறையீட்டறிக்கைகளின் உள்ளடக்கமும் வாதமுறையும்

1939 நவம்பரில் அவர் தம் முதல் அறிக்கையைத் தரைப்படைத் தலைவர் வால்டர் ஃபொன் பிராவ்கிட்ஷ் வழியே அனுப்பினார். விசாரணையற்ற சுட்டுக்கொலைகளையும், அவற்றால் படைவீரர் அடைந்த கலக்கத்தையும் அது எடுத்துரைத்தது. அதே மாத இறுதியில் மீண்டும் எழுதினார். 1940 பிப்ரவரியில் பிராவ்கிட்ஷிடம் நேரில் எடுத்துரைப்பதற்காக அவர் ஆயத்தம் செய்த குறிப்பு, இவ்வரிசையில் மிக விரிவானது. தெற்கு எல்லைப்பகுதித் தளபதி வில்ஹெல்ம் உலெக்ஸ் எழுதிய கண்டன அறிக்கையும் அதில் இடம்பெற்றது. கொலை, கொள்ளை, வன்புணர்வு ஆகிய தனித்தனி நிகழ்வுகள் வரிசைப்படுத்தப்பட்டிருந்தன.

பிப்ரவரிக் குறிப்பின் வாதங்களை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, பயன் சார்ந்தது: பல்லாயிரம் யூதரையும் போலந்தியரையும் கொல்வது தவறான வழி, மக்கள்தொகை மிகுதியால் போலந்து அரசு என்ற எண்ணமும் அழியாது, யூதரும் அற்றுப்போகார். இரண்டாவது, அரசியல் சார்ந்தது: இக்கொலைகள் எதிரியின் பரப்புரைக்கு ஒப்பற்ற கருவியாகும். மூன்றாவது, மக்கள் மனநிலை சார்ந்தது: பொது இடத்தில் யூதர்மீது இழைக்கப்படும் கொடுமை, அதுவரை அவர்களை விரும்பாத போலந்தியரிடமும் அருவருப்பையும் இரக்கத்தையும் தூண்டுகிறது. நான்காவது, ஒழுக்கம் சார்ந்தது: இக்கொடூரம் தொற்றுநோய்போல் ஜெர்மானியரிடையே பரவி அவர்களையே சீரழிக்கும்.

இவற்றுள் முதல் மூன்றும் ஆட்சியின் நலனை முன்னிட்டு எழுந்தவை. கொல்லப்படுவோரின் உயிர் தன்னளவில் மதிப்புடையது என்ற வாதம் தனித்து இடம்பெறவில்லை. நான்காவது வாதத்திலும் இரங்கப்படுவது கொல்வோரின் ஒழுக்கத்திற்கே. முதல் வாதத்தின் மொழி, கொலையின் நோக்கத்தை மறுக்காமல் அதன் பயனின்மையைச் சுட்டுவதாகவும் படிக்கத்தக்கது. மேலிடத்தை இணங்கவைக்கத் தேர்ந்தெடுத்த உத்தி இது என்று சிலர் கருதலாம். அக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் போதகரின் மகனான அவர் தம் மனச்சான்றை மேலிடம் ஏற்கும் மொழிக்குள் பெயர்த்தபின்னரே வெளிப்படுத்த முடிந்தது என்ற உண்மையும் அதனுள் அடங்கியுள்ளது.

தமிழில் ‘முறை’ என்ற சொல்லுக்கு ஒழுங்கு, நீதி ஆகிய இரு பொருளும் உண்டு. முறையிடுவோர், கேட்போரிடம் நீதி உண்டு என்று நம்புகின்றனர். பிளாஸ்கோவிட்ஸின் அறிக்கைகள் இப்பொருளில் முழுமையான முறையீடுகள். குற்றத்தை நிகழ்த்துவோர் கீழ்நிலையினர், மேலிடம் அறிந்தால் தடுக்கும் என்ற நம்பிக்கையே அவற்றின் அடித்தளம். அக்குற்றங்கள் மேலிடத்தின் கொள்கை என்பதே உண்மை.

5. மேலிடத்தின் எதிர்வினை

முதல் அறிக்கையைக் கண்ட ஹிட்லர் கடுஞ்சினம் கொண்டதாகவும், படைத்தலைமையின் மனப்பான்மையைச் சிறுபிள்ளைத்தனம் என்று இகழ்ந்ததாகவும், மீட்புப் படை என்னும் கிறித்தவத் தொண்டு அமைப்பின் வழிகளால் போர் நடத்த இயலாது என்று கூறியதாகவும் அவருடைய துணையதிகாரி கெர்ஹார்டு எங்கெல் பதிவுசெய்துள்ளார். எங்கெலின் ‘நாட்குறிப்பு’ போருக்குப்பின் திருத்தி எழுதப்பட்டது என்பதால் அதன் சொற்களை அப்படியே ஏற்பது பொருந்தாது. ஆயினும் பின்விளைவுகள் அப்பதிவின் போக்குடன் ஒத்துப்போகின்றன. 1940 பிப்ரவரியில் ஹான்ஸ் ஃபிராங்க், பிளாஸ்கோவிட்ஸை அகற்றுமாறு ஹிட்லரிடம் வேண்டினார். பிராவ்கிட்ஷ் எஸ்.எஸ். அமைப்புடன் மோத விரும்பவில்லை. மார்ச் 13 அன்று எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் கோப்லென்ஸ் நகரில் படைத்தளபதிகளிடையே நேரில் உரையாற்றினார். மே மாதத்தில் பிளாஸ்கோவிட்ஸ் போலந்திலிருந்து மாற்றப்பட்டார்.

அறிக்கைகள் மறைந்துபோகவில்லை. உளவுத்துறைத் தொடர்பதிகாரி ஹெல்முட் குரோஸ்கூர்ட் அவற்றின் செய்தியை மேற்கு முனைத் தளபதிகளிடம் கொண்டுசென்றார். பலர் அதிர்ச்சியடைந்தனர். எவரும் பதவி விலகவில்லை. கூட்டாகக் கண்டிக்கவும் இல்லை. சில மாதங்களில் பிரான்சு வீழ்ந்தது. வெற்றி பேச்சை அடக்கியது.

1940 ஜூலை 19 அன்று ஹிட்லர் 12 தளபதிகளை ஃபீல்டு மார்ஷல்களாக உயர்த்தினார். போலந்துப் போரில் ஐந்து படைகளை நடத்திய தளபதிகளுள் லிஸ்ட், ரைஹெனாவ், குளூக ஆகிய மூவர் அன்று அப்பட்டம் பெற்றனர். நான்காமவரான கியூஷ்லர் 1942இல் பெற்றார். ஐந்தாமவரான பிளாஸ்கோவிட்ஸ் இறுதிவரை பெறவில்லை. முறையீட்டுக்காக அவர் கொடுத்த விலை இது. சிறையோ தண்டனையோ பதவிநீக்கமோ நிகழவில்லை. முறையிட்டால் உயிருக்கு ஆபத்து என்று பிற்காலத் தளபதிகள் முன்வைத்த காரணத்தை எடைபோட இச்செய்தி உதவும்.

6. பிரான்சு முதல் நெதர்லாந்து வரை

1940 அக்டோபர் முதல் 1944 மே வரை அவர் பிரான்சின் அட்லாண்டிக் கரையில் முதலாம் படைக்குத் தலைமை வகித்தார். 1944 மே மாதத்தில் தென்பிரான்சுப் படைத்தொகுதியின் பொறுப்பை ஏற்றார். ஆகஸ்டு 15 அன்று நேசநாட்டுப் படைகள் தென்கரையில் இறங்கியபோது, ரோன் பள்ளத்தாக்கு வழியே தம் படைகளைப் பின்வாங்கச் செய்தார். படைக்கலை நோக்கில் அது அவருடைய குறிப்பிடத்தக்க செயல் எனப்படுகிறது. எனினும் செப்டம்பரில் நீக்கப்பட்டார். டிசம்பரில் மீண்டும் அழைக்கப்பட்டார்.

ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றபோது, அவர் ஹிட்லருக்குத் தம் பற்றுறுதியைத் தெரிவித்தார். நான்கரை ஆண்டுகளுக்கு முன் ஆட்சியின் கொலைகளைப் பட்டியலிட்ட அதே கை எழுதிய செய்தி அது. முறையீடு உரிய வழியில் செல்வது. சதி அவ்வழியை உடைப்பது. முன்னதை அவருடைய பயிற்சி அனுமதித்தது, பின்னதை அனுமதிக்கவில்லை.

1945 ஜனவரி இறுதியில் நெதர்லாந்தில் இருந்த படைத்தொகுதியின் தலைமை அவரிடம் வந்தது. அந்நாட்டின் மேற்குப்பகுதி அப்போது பஞ்சத்தில் தவித்தது. அக்குளிர்காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். ஏப்ரல் 17 அன்று ஜெர்மானியப் படையினர் வீரிங்கெர்மேர் தாழ்நிலத்தின் அணையைத் தகர்த்து அதனை வெள்ளத்தில் மூழ்கடித்தனர். ஏப்ரல் 29 முதல் நேசநாட்டு விமானங்கள் உணவு வீசியபோது, உடன்பாட்டின்படி ஜெர்மானியப் படைகள் அவற்றைச் சுடவில்லை. அழிவும் இளக்கமும் அவருடைய ஒரே கட்டளைப் பகுதியில், ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. மே 5 அன்று வாகெனிங்கென் நகர விடுதியொன்றில், கனடா நாட்டு ஜெனரல் சார்லஸ் ஃபோக்ஸிடமிருந்து சரணடைவு விதிகளைப் பெற்றுக்கொண்டார்.

7. வழக்கும் இறப்பும்

நியூரம்பெர்க்கில் அமெரிக்கத் தீர்ப்பாயம் நடத்திய வழக்குகளுள் பன்னிரண்டாவது, படைத்தலைமையின் மீதான வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேருள் பிளாஸ்கோவிட்ஸும் ஒருவர். 1948 பிப்ரவரி 5 அன்று, வழக்கு தொடங்கும் நாளில், அவர் சிறையின் உள்முற்றத்தில் மேல்தளத்திலிருந்து குதித்து உயிர்நீத்தார். எஸ்.எஸ். கைதிகளால் கொல்லப்பட்டார் என்ற பேச்சு உடனிருந்த கைதிகளிடையே எழுந்தது; அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எஞ்சிய 13 பேருள் 11 பேர் 1948 அக்டோபரில் தண்டிக்கப்பட்டனர், இருவர் விடுவிக்கப்பட்டனர். தளபதி என்ற பதவி மட்டுமே ஒருவரைக் குற்றவாளியாக்காது, அவருடைய அறிவும் தனிப்பட்ட கடமைத் தவறும் நிறுவப்பட வேண்டும் என்று தீர்ப்பாயம் வரையறுத்தது. இவ்வளவுகோலின்படி 1940ஆம் ஆண்டு முறையீடு இருமுனைக் கத்தியாகும். போலந்தைப் பொறுத்தவரை அது அவரைக் காக்கும். பின்வந்த ஆண்டுகளைப் பொறுத்தவரை, தாம் எந்த ஆட்சிக்குப் பணியாற்றுகிறோம் என்பதை அவர் மற்றெவரையும்விடத் தெளிவாக அறிந்திருந்தார் என்பதையும் அதுவே காட்டும்.

8. ஒப்பீடும் மதிப்பீடும்

பிளாஸ்கோவிட்ஸை இருவருடன் ஒப்பிடலாம். முதலாமவர் கியூஷ்லர். 1939இல் எஸ்.எஸ். வீரர்களின் கொலையைக் கண்டித்து அவர்களைத் தண்டிக்க முயன்ற இவர், 1940 ஜூலையில் போலந்தில் நிகழும் ‘இனப்போராட்டத்தை’ வீரர்கள் விமர்சிக்கக் கூடாது என்று தம் படைக்கு ஆணையிட்டார். பின்னர்ப் படைத்தலைமை வழக்கில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இரண்டாமவர் குரோஸ்கூர்ட். 1941 ஆகஸ்டில் உக்ரைனின் பிலா செர்க்வா நகரில் ஏறத்தாழ 90 யூதக் குழந்தைகள் கொல்லப்படவிருந்ததைத் தடுக்க அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். ஆறாம் படைத்தளபதி ரைஹெனாவ் கொலைக்கே இசைவளித்தார். குழந்தைகள் கொல்லப்பட்டனர்.

கியூஷ்லர் முறையீட்டைக் கைவிட்டுக் கொள்கையை ஏற்றார். பிளாஸ்கோவிட்ஸ் முறையிட்டுத் தோற்று மௌனமானார். குரோஸ்கூர்ட் முறையீடு பயனற்றது என்று ஒருமுறை கண்டபின்னும் மீண்டும் முறையிட்டார். மூவருடைய ஒழுக்கநிலையும் ஒன்றன்று. ஆயினும் கொலை நிற்கவில்லை என்ற விளைவு மூவர்க்கும் பொது. கொலையே அரசின் கொள்கையான இடத்தில், உரிய வழி என்பது கொலையாளியிடமே சென்று முடிகிறது.

முடிவுரை

பிளாஸ்கோவிட்ஸின் வாழ்க்கை மூன்று முடிபுகளுக்கு இடந்தருகிறது. முதலாவதாக, அவர் முறையீடும் கீழ்ப்படிதலும் ஒரே படைமரபின் விளைவுகள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை எதிர்ப்பாளர் என்றோ உடந்தையாளர் என்றோ வகைப்படுத்துவது முழுமையாகாது. இரண்டாவதாக, அக்டோபர் 17 ஆணைக்குப்பின் படைக்கு நீதி வழங்கும் அதிகாரம் இல்லாது போனதே அவருடைய கண்டனத்தை எழுத்தளவில் நிறுத்தியது. தனிமனிதரின் மனவலிமையை மட்டும் அளக்கும் ஆய்வு இந்நிறுவன மாற்றத்தைத் தவறவிடும். மூன்றாவதாக, அவர் பட்டியலிட்ட கொலைகளைப் பிராவ்கிட்ஷ் படித்தார். மேற்கு முனைத் தளபதிகள் கேட்டறிந்தனர். 1941இல் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபோது, எஸ்.எஸ். கொலைப்பிரிவுகள் தம் படைகளின் பின்னே வந்து என்ன செய்யும் என்பதை அறியாதவராகத் தளபதிகள் புறப்படவில்லை.

படையின் தூய்மைக்குச் சான்றாகப் பல்லாண்டுகள் காட்டப்பட்டவை அவருடைய அறிக்கைகள். கவனித்துப் படிக்கும்போது, அத்தூய்மைக்கு எதிரான வலுவான சான்றுகளுள் அவையும் அடங்கும்.